பிணவறையில் நோய் வாங்குவது எப்படி?

பிரேதப் பரிசோதனை உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? வாழ்த்துகள். தொற்றுநோயில் இறந்தவரின் உடலை அறுக்கும்போது அந்த நோயைத் தவறாமல் வாங்கிக்கொள்ள நாலு யோசனை சொல்கிறேன். பயந்துவிடாதீர்கள், பாதி ஏற்பாட்டை நீங்கள் வருவதற்கு முன்பே செய்து வைத்திருப்பார்கள்.

முதலில், என்ன நோய் என்று யாரிடமும் கேட்காதீர்கள். கேஸ் ஷீட் டாக்டர் பார்க்க வேண்டியது, அறுப்பவருக்கு எதற்கு? "ஆள் செத்தா கிருமியும் செத்துடும் தம்பி" என்று சீனியர் அண்ணன் சொல்வார், நம்பிவிடுங்கள். காசநோய்க் கிருமிக்கு மட்டும் இந்தச் சங்கதி தெரியாது, இறந்த நுரையீரலில் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

கையுறை ஒரு ஜோடி போதும். இரண்டு ஜோடிக்கு நடுவே கத்தி இறங்காத வலைக் கையுறை ஒன்று வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஸ்டோரில் கேட்டால் "இண்டென்ட் போட்டாச்சு" என்பார்கள், அதோடு திரும்பிவிடுங்கள். வெட்டு விழுவது பெரும்பாலும் கத்தி பிடிக்காத கையில்தான். தைக்கும்போது தோலை இழுத்துப் பிடிக்கிற அந்தக் கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஊசிக்கு நேராக இருக்கட்டும். அறுத்த விலா எலும்பு முனைமேல் துண்டு போட்டு மூடாதீர்கள். அதுவும் கத்திதான், இலவசமாகக் கிடைக்கிறது.

மண்டையோட்டைத் திறக்க மின்ரம்பம் இருந்தால் நன்றாகக் குனிந்து பாருங்கள். எலும்புத்தூளும் ஈரமும் சேர்ந்து எழும்பும். துணி மாஸ்க் எதையும் தடுத்துத் தொந்தரவு தராது. அறையின் காற்று மணிக்குப் 12 முறை மாற வேண்டுமாம். எக்ஸாஸ்ட் ஃபேனில் புறா கூடு கட்டியிருக்கிறது, பாவம், இருந்துவிட்டுப் போகட்டும். நாற்றத்துக்கு ஒரு குவார்ட்டர் உண்டு. கை லேசாக நடுங்கினால் மேலே சொன்ன விரல் விஷயம் இன்னும் சுலபமாகும்.

இந்த வழியில் நமக்கு முன்னோடி, வியன்னாவின் தடயவியல் மருத்துவப் பேராசிரியர் யாக்கோப் கொலெட்ச்கா. 1847 மார்ச்சில் பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டது. சில நாளில் போய்ச் சேர்ந்தார். அவர் உடலைப் பரிசோதித்த அறிக்கையைப் படித்த நண்பர், பிரசவ வார்டு மருத்துவர் செம்மல்வைஸுக்கு, அந்த வார்டில் காய்ச்சலில் சாகும் தாய்மார்களின் உடலிலும் இதையேதானே பார்த்தோம் என்று பொறி தட்டியது. பிணவறையிலிருந்து வரும் கைகளைக் குளோரின் கரைசலில் கழுவச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்குப் 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆனது. 1849இல் அவருடைய பதவிக்காலம் முடிந்தபோது நீட்டிப்புத் தரவில்லை. ஆகவே பாதுகாப்பு, கைகழுவல் என்றெல்லாம் பேசி மேலிடத்தை எரிச்சலூட்டாதீர்கள்.

ஊசி குத்திவிட்டதா? எந்த நோய் என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். எச்.ஐ.வி. ஆயிரம் குத்தில் மூன்று பேருக்குத்தான் தொற்றும். அதை நம்பி உட்காராதீர்கள். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி நூற்றில் முப்பதுவரை வாய்ப்புத் தரும். மூன்று டோஸில் முதலாவதோடு நின்றுவிடுவது உத்தமம். சோப்புத் தண்ணீரில் கழுவாமல் விரலை வாயில் வைத்துச் சப்புங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள், அதிகம் போனால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

முக்கியமாக, ரிஜிஸ்டரில் எழுதாதீர்கள். எழுதினால் "நீ ஏன் ஜாக்கிரதையா இல்லே?" என்று விளக்கம் கேட்பார்கள். எழுதாவிட்டால் கேள்வி பிறகுதான் வரும். மஞ்சள் பூத்த கண்ணோடு நஷ்டஈட்டு மனுவை நீட்டும்போது, இது வேலையில் வந்த நோய்தான் என்பதற்கு ரிஜிஸ்டர் நகல் இணைக்கச் சொல்வார்கள்.