வழுக்கை விழுந்த தேங்காய்ப்பூத் துண்டு: ஒரு சுங்கவியல் ஆய்வு

அருப்புக்கோட்டையில் துண்டு இல்லாத தோள் குறைவு. ஆனால் அந்தத் துண்டு சுங்கச் சட்டப்படி என்ன சாதி என்று இதுவரை ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தறிச்சத்தத்தில் வளர்ந்த ஊர். மதுரை-தூத்துக்குடி சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்களை நாளெல்லாம் பார்க்கும் ஊர். இந்த அலட்சியம் அதற்கு அழகல்ல. ஆகவே என் பெரியப்பாவின் தோளையே ஆய்வுக்களமாகக் கொண்டேன்.

தேங்காய்ப்பூத் துண்டு நெய்கிறவருக்கு இரண்டு பாவு சமாசாரம். ஒரு பாவு விறைப்பாக நிற்கும். இன்னொன்றைத் தளர விடுவார்கள். மூன்று ஊடை ஓடியதும் சேர்த்து அடித்தால் தளர்ந்த பாவு சுருண்டு பூவாக எழும். 1975ஆம் ஆண்டுச் சுங்க வரிப்பட்டியல் சட்டத்தில் இந்தத் துணி பீஸாகக் கிடந்தால் 5802. வெட்டி ஓரம் அடித்துவிட்டால் 6302. குளியலறைத் துணியும் அடுப்படித் துணியும் அங்கேதான். வெல்வெட், கார்டுராய் எல்லாம் 5801. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு வகுத்த எண்கள் இவை. இந்தத் துணிக்குப் பேர்போன துருக்கியின் பூர்சாவிலும் இதே எண்தான் என்றதும் பெரியப்பா லேசாக நிமிர்ந்து உட்கார்ந்தார். குளியலறை என்றதுதான் பிடிக்கவில்லை. தண்ணீர் அரிதான கரிசல் காட்டில் துண்டு துடைப்பது பெரும்பாலும் வியர்வையை.

சிக்கல் வேறு இடத்தில். அவர் துண்டில் பூவெல்லாம் உதிர்ந்து இழை மட்டும் மிச்சம். பூ இல்லாததைப் பூத்துண்டு எனலாமா?

58ஆம் அத்தியாயத்தின் இரண்டாம் குறிப்பு கைகொடுக்கிறது. கார்டுராய் போன்றவற்றில் ஊடை இழை மேலே மிதந்து கிடக்கும். அதை வெட்டிய பிறகே பூ நிமிரும். வெட்டாமல், பூ என்று ஒன்று எழும்பாமலே இருந்தாலும் அது 5801தான் என்கிறது அந்தக் குறிப்பு. இனிமேல் பூக்கப்போவதைப் பூ என்று ஒப்புக்கொள்ளும் சட்டம், பூத்து ஓய்ந்ததைத் தள்ளிவைப்பது எந்த ஊர் நியாயம்? குறிப்பு 5801க்கு மட்டும்தானே என்று வக்கீல்கள் குறுக்கிடலாம். ஆராய்ச்சி என்று வந்தபின் அதையெல்லாம் பார்த்தால் முடியுமா?

பழந்துணிக்கென்று 6309 தனியாக உண்டு. அதில் சேர இரண்டு தகுதி வேண்டும்: நன்றாக உழைத்த அடையாளம் தெரிய வேண்டும், மொத்தமாகக் குவித்தோ, பேலாகவோ மூட்டையாகவோ கட்டியோ வரவேண்டும். முதல் தகுதியில் பெரியப்பாவின் துண்டை அடிக்க ஆளில்லை. இரண்டாவதைச் சொன்னதும், "ஒத்தத் துண்டை எவன்டா மூட்டை கட்டுவான்?" என்றார். சட்டத்தின் இந்த ஓட்டையை அறிஞர்கள் கவனிக்க வேண்டும்.

கட்டுரையை முடிக்குமுன் பெரியம்மா துண்டை இரண்டாகக் கிழித்துவிட்டார். சட்டி இறக்கும் பாதி 6302. மொபெட் துடைக்கும் பாதி கந்தல், 6310.