கித்தாருக்குப் புளி போடாதலே

ஏலே பேராண்டி, அந்தப் புளி உருண்டையைக் கொண்டுபோய் முதல்ல உங்க ஆச்சிகிட்ட கொடு. ரசத்துக்கு வச்சிருந்ததை எடுத்துட்டு வந்து கித்தாரு பிரிட்ஜுல தேய்க்கப் போறியாம்லா? குத்துவிளக்கு பளபளக்குது, இதுவும் பளபளக்கும்னு உனக்கு ஒரு கணக்கு. குத்துவிளக்கு முழுப் பித்தளைலே. எத்தனை வருசம் தேய்ச்சாலும் உள்ள பித்தளைதான் இருக்கும். உன் பிரிட்ஜு துத்தநாகக் கலவையில வார்த்தது, மேல முலாம். எங்கயாச்சும் முலாம் விட்டிருந்தா புளி அது வழியா இறங்கித் துத்தநாகத்தைத் தின்னும். ரசமும் போச்சு, பிரிட்ஜும் போச்சு.

இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும்னு பாக்கியாக்கும். எனக்குக் கித்தாரு வாசிக்கத் தெரியாதுதான். உனக்கும் தெரியாதுன்னு பக்கத்து வீட்டுக்காரன் சொல்லுதான், அது கிடக்கட்டும். சைக்கிள் ஹேண்டில்பாருக்கு நிக்கல் முலாம் போட்டுக் கஞ்சி குடிச்சவன் நான். முலாம்னா எனக்குத் தெரியும்.

வெளிச்சத்துல கொண்டா, பாப்போம். லேசா மஞ்சளடிச்சு மசமசன்னு மங்கியிருந்தா நிக்கல். நீலம் ஓடுன வெள்ளையா, பளபளப்புப் போகாம, ஆனா அங்கங்க புள்ளி புள்ளியாப் பொரிஞ்சிருந்தா குரோம். குரோம் தானா மங்காது. அதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும், ஈரம் அது வழியா இறங்கி, அடியில இரும்பு இருந்தா துருவா வெளிய வரும். அந்தக் குரோம் ஒரு மைக்ரான் கனங்கூட வராதுலே, அதுக்குக் கீழ நிக்கல்தான் படுத்துக் கிடக்கும். கித்தாரு செய்யுற கிப்சன் கம்பெனிக்காரன்கூட 1960கள் நடு வரைக்கும் நிக்கல்தான் போட்டான், அப்புறந்தான் குரோமுக்கு மாறினான். தங்க முலாம் பூசுனதா இருந்தா ஒண்ணும் செய்யாத. மெத்துன்னு ஒரு துணியால ஒத்தி எடு, அத்தோட விடு. பாலிஷ் போட்டியோ, துணி தங்கமாயிரும், கித்தாரு வெறும் உலோகமாயிரும்.

ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கக் கூடாது. வாசிக்கிறவன் கித்தாருல உள்ளங்கை விளிம்பு படுற இடந்தான் முதல்ல கெடும். தடிச்ச கம்பி உக்காந்திருக்க சாடில், வேர்வை உப்புல அரிச்சுப் போயிருக்கும். உன்னதுல என்னடான்னா, யார் கையும் படாத பின்பக்கத் தகடு வரைக்கும் ஒரே சீரா மங்கிக் கிடக்கு. இது வேர்வை பண்ணுன வேலை இல்லலே, திருச்செந்தூர் கடக்காத்து பண்ணுனது. உன்னைவிட அதுதான் இந்தக் கித்தாரை நெறைய தொட்டிருக்கு.

இன்னொரு வேடிக்கை கேளு. அமெரிக்காவுல பெண்டர் கம்பெனிக்காரன் 1995லேர்ந்து புதுக் கித்தாரை வேணும்னே உரசி, சுரண்டி, ஆணியை மங்க வச்சு, ‘ரெலிக்’னு பேர் போட்டுக் கூடக் காசுக்கு விக்கான். வாங்குறதுக்கும் ஆளு இருக்கு! நீ சும்மா கிடைச்ச மங்கலை அழிக்கப் பாக்கே. உன்னது அம்பது அறுவது வருசப் பழசா இருந்து, எல்லாம் அதோட சொந்த உருப்படியா இருந்தா, தேய்க்கத் தேய்க்க விலை இறங்கும். உன்னது அப்படி இல்ல, மூஞ்சியிலேயே தெரியுது. அதனால தேய்ப்போம்.

கம்பியை மெள்ளத் தளர்த்து. எல்லாத்தையும் கழட்டிட்டா, கம்பியோட அடி நுனியைப் பிடிச்சிருக்க டெயில்பீஸ் பொத்துன்னு விழும், கையைக் கொடுத்துப் பிடிச்சுக்கோ. பிரிட்ஜு எந்த உசரத்துல நிக்கி, ஒவ்வொரு சாடிலும் எங்கன தள்ளி நிக்கின்னு போன்ல போட்டோ எடுத்து வை. நாள் பூரா அந்தச் சவத்தைத்தானே தடவிக்கிட்டிருக்கே, ஒரு வேலைக்காவது ஆகட்டும். சாடில் ஒரு நூல் நகந்தாலும் மேல போகப் போக சுருதி விலகும். அப்புறம் கேக்கிறவங்க காதுதான் பாவம்.

பாதி மங்கல் மங்கலே இல்ல, எண்ணெயும் அழுக்கும். லைட்டருக்கு ஊத்துற நாப்தாவைத் துணியில நனைச்சுத் துடை. பக்கத்துல தீ கூடாது, அதான் நான் பீடியை அணைச்சுட்டேன். அதுலயே பாதிக்கு மேல தெளிஞ்சிரும். நிக்கல் இன்னும் மசமசன்னு இருந்தா, நைசான மெட்டல் பாலிஷை ஒரு சொட்டு தொட்டு, ஒருதரம், மிஞ்சுனா ரெண்டுதரம். பாலிஷ்ங்கிறது அழுக்கை மட்டும் எடுக்கிறதில்ல, முலாமையுஞ் சேத்து அரைக்கும். எங்கிட்ட வந்த ஹேண்டில்பாருல பாதி, சைக்கிள்காரங்களே தேய்ச்சுத் தேய்ச்சு செம்பு தெரிய வச்சதுதான். குரோமுல துருப்புள்ளின்னா சிகரெட்டுப் பெட்டிக்குள்ள இருக்க வெள்ளித்தாளைக் கசக்கி, தண்ணியில நனைச்சுத் தேய். அலுமினியம் குரோமைவிட மெத்து, கீறாது. சிகரெட்டுப் பெட்டிக்கு எங்க போவேன்னு என்கிட்ட அப்பாவி மாதிரிக் கேக்காத, உன் சட்டைப் பைக்குள்ள பாரு.

துருப்பிடிச்ச இரும்பு ஆணியை மட்டும் தனியா எடுத்து வினிகர்ல கொஞ்ச நேரம் போடலாம். எடுத்துக் கழுவி, ஈரம் போகத் துடைச்சு, ஒரு சொட்டு எண்ணெய். பிரிட்ஜை அதுல போட்டா புளிக்குச் சொன்ன கதைதான். பெண்டர்காரனோட 1950கள் ஆரம்பத்து டெலிகாஸ்டர் கித்தாருல மாதிரி உன்னதுலயும் சாடில் முழுப் பித்தளையா இருந்தா, புளி உருண்டையைத் திருப்பிக் கேளு, நானே வாங்கித் தாரேன். இல்லல்லா?

இரும்புப் பஞ்சு மட்டும், கம்பி அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் பக்கம் வரக் கூடாது. அடியில காந்தம் இருக்குலே, பஞ்சுத் துகளையெல்லாம் இழுத்து வச்சுக்கும், ஊதுனாலும் போகாது. உள்ள சுத்தியிருக்க செம்புக் கம்பி 0.06 மில்லிமீட்டர் கனம், ஆயிரக்கணக்கான சுத்து. ஒண்ணு அறுந்தாலும் ஊமையாயிரும். அதனால பிக்கப் மேல டேப் ஒட்டிட்டு வேலையைப் பாரு. எதுலயும் நேரா ஸ்பிரே அடிக்காத, துணியில அடிச்சுத் துடை. கம்பியை முறுக்குற பிருடையை முக்கி ஊற வைக்காத, உள்ள கிரீஸ் இருக்கும்.

திரும்ப மாட்டும்போது சாடில் பள்ளத்துல பென்சில் முனையை ஒருதரம் ஓட்டு, கம்பி வழுக்கிப் போகும், அறுந்துபோறது குறையும். புதுக் கம்பிதான் போடணும். துட்டுக்கு என்கிட்ட வராத, உங்க அம்மைகிட்ட கேளு. தரக் கூடாதுன்னு அவகிட்ட காலையிலேயே சொல்லி வச்சுட்டேன்.