சூட்டுக் கணக்குப்பிள்ளை

பேட்டில்டெக் மேசையைச் சுற்றி நிற்பவர்களில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் தங்கள் ராட்சத ரோபோக்களுக்கு என்ன நிறம் பூசலாம், எதிரியை எந்தப் பக்கமாக வளைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் வரைபடத்தின் மேல் குனிந்து தண்ணீர் தேடிக்கொண்டிருப்பார். கையில் கூர்சீவிய பென்சில், சட்டைப்பையில் இன்னொன்று, மேசை ஓரத்தில் பாதி தேய்ந்த ரப்பர். எதிரி யார் என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

சிகாகோவின் ஃபாசா நிறுவனம் 1984இல் வெளியிட்ட இந்த விளையாட்டு, அமெரிக்க விளையாட்டுக் கடைகளில் இப்படி ஒரு ரகத்தையே வளர்த்துவிட்டது. பழியை விதிப்புத்தகத்தின் மேல்தான் போட வேண்டும். மற்றப் போர் விளையாட்டுகளில் குண்டு தீரும், எரிபொருள் தீரும். இதில் ‘மெக்’ என்கிற அந்த நடக்கும் இரும்பு மலைக்குச் சூடு ஏறும். ஒவ்வொரு மெக்கின் தாளிலும் ஓரமாக 30 படி கொண்ட ஒரு வெப்பமானி உண்டு. சுட்டால் ஏறும், நகர்ந்தாலும் ஏறும். சூட்டை வெளியேற்றும் சாதாரண ஹீட் சிங்க் ஒவ்வொன்றும் சுற்றுக்கு ஒரு புள்ளி இறக்கும். 30ஐத் தொட்டால் மெக் தானாக அணைந்துபோகும்.

நடந்தால் 1. ஓடினால் 2. குதித்தால் கட்டத்துக்கு 1, ஆனால் ஒரே ஒரு கட்டம் தாண்டினாலும் குறைந்தது 3. இந்தக் கடைசி விதியை நம்மவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆகவே முடிந்தவரை அவர் நகர்வதே இல்லை. நிற்பவனுக்குச் சூடு பூஜ்யம், அது வாஸ்தவம்தான். ஆனால் ஒரே சுற்றில் ஐந்தாறு கட்டம் ஓடுகிறவனைச் சுட, எதிரி பகடையில் 2 அதிகம் போட வேண்டும். நிற்கிறவனைச் சுட அந்தச் சிரமம் எதுவும் இல்லை. ஒரு புள்ளிச் சூட்டை மிச்சம் பிடித்த களிப்பில் இருப்பவருக்கு, கவசம் தகடு தகடாகக் கழன்று விழுவது தெரிவதில்லை.

அவர் இப்படி ஆனதற்கு எதிரே உட்காரும் இளைஞனும் ஒரு காரணம். அவன் ஓட்டுவது ரைஃபிள்மேன். 60 டன் எடை, இரண்டு பெரிய லேசர், இரண்டு நடுத்தர லேசர், இரண்டு பீரங்கி. இத்தனைக்கும் சேர்த்து ஹீட் சிங்க் வெறும் 10. இதை வடிவமைத்தவர்களுக்கு ஏதோ விரோதம் இருந்திருக்க வேண்டும். அவன் ஓடிக்கொண்டே எல்லாவற்றையும் ஒருசேரச் சுடுகிறான். ஆயுதங்களுக்கு 24, ஓட்டத்துக்கு 2, கழிவு 10, மிச்சம் 16. அடுத்த சுற்றில் 4 கட்டம் நடக்க வேண்டிய மெக் 1 கட்டம் நகரும். குறிபார்ப்பது 2 கடினமாகும். மெக் அணையாமல் இருக்க அவன் பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். 19ஐத் தொட்டிருந்தால் உள்ளே இருக்கும் குண்டுகளே வெடிக்கலாம். அவன் சிரித்துக்கொண்டே உருட்டுகிறான். கணக்குப்பிள்ளை கண்ணை மூடிக்கொள்கிறார்.

அவருடைய சொந்த வாகனம் ஆசம், 80 டன். பத்து பத்து புள்ளி சூடு தரும் பி.பி.சி. பீரங்கிகள் மூன்று, ஹீட் சிங்க் 28. எஞ்சினோடு 10 சிங்க் இலவசமாக வரும். மீதி 18க்கு ஆளுக்கு ஒரு டன். நின்ற இடத்திலிருந்து மூன்றையும் சுட்டால் மிச்சம் வெறும் 2. வெப்பமானியில் 4 வரை எந்தத் தண்டனையும் கிடையாது, 5இல்தான் முதல் அடி. மூன்று, மூன்று, இரண்டு என்று சுட்டுக்கொண்டே போகலாம். அவர் அப்படிச் செய்யமாட்டார். ஊசி பூஜ்யத்தில் இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டை மட்டும் சுடுகிறார். மூன்றாவது பீரங்கி வெறும் அலங்காரம். 18 டன் குளிர்ச்சியும் பாதி வீண்.

இனி தண்ணீருக்கு வருவோம். அதுதான் அவருடைய பக்தி. நீரில் மூழ்கிய ஹீட் சிங்க் ஒவ்வொன்றும் கூடுதலாக ஒரு புள்ளி இறக்கும், மொத்தத்தில் 6 வரை. இடுப்பளவு நீரில் நின்றால் நனைவது கால்கள் மட்டும். மூட்டுகளும் இயக்கிகளும் போக, காலுக்கு இரண்டு இடம்தான் காலி. அதாவது சாதாரண சிங்க் நிரப்பினாலும் அதிகபட்சம் 4. மிச்ச இரண்டை விட அவருக்கு மனம் வருமா? மெக்கைப் படுக்கப் போடுகிறார். லட்சக்கணக்கில் விலைபோகும் போர் இயந்திரம் குட்டையில் எருமை மாதிரி கிடக்கிறது. முழுக்க மூழ்கிவிட்டதால் கரையில் நிற்பவனைச் சுட வழியில்லை. எழுந்திருக்கப் பகடை உருட்ட வேண்டும், ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு புள்ளி சூடு வேறு. இதை அவர் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

எதிரிகளுக்கு இப்போது வைத்தியம் தெரிந்துவிட்டது. அவர் காட்டுக்குள் ஒதுங்கினால் காட்டைக் கொளுத்துகிறார்கள். எரியும் கட்டத்தில் நின்றால் சுற்றுக்கு 5 புள்ளி. குண்டடியை விட அந்த ஐந்துக்குப் பயந்து அவர் வெட்டவெளிக்கு ஓடிவருவார். எல்லாரும் அங்கேதான் காத்திருப்பார்கள்.

வானிலை விதிகளை விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 1 புள்ளி கூடும். உறைபனிக்கு வெகு கீழே போனால் அதேபோல் குறையும். பனி வரைபடம் விரிக்கும் நாளில் மட்டும் இந்த விதிகளைச் சேர்க்கச் சொல்லி முதலில் கை தூக்குபவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஹேர்பிரெயின்ட் ஸ்கீம்ஸ் 2018இல் கொண்டுவந்த கணினி வடிவம் அவரைக் கொஞ்சம் நிலைகுலைய வைத்தது. அதில் நடந்தாலும் ஓடினாலும் சூடு ஏறாது, குதித்தால்தான். இலவசமாக ஓடலாம் என்பதை நம்பவே அவருக்கு நாளாயிற்று. ஆனால் நிலப்பரப்புக்கு அங்கே மதிப்பு அதிகம். பனிநிலத்தில் மெக் சீக்கிரம் ஆறும், பாலையில் மெதுவாக, காற்றில்லாத நிலவில் இன்னும் மெதுவாக. வெற்றிடத்தில் சூட்டைச் சுமந்துபோகக் காற்று கிடையாது, கதிர்வீச்சாகத்தான் வெளியேற வேண்டும் என்று மனைவிக்குக்கூட விளக்கிவிட்டார். அந்தக் கணினி ஆட்டத்தில் கூலிப்படைத் தலைவராக அவர் இப்போது ஒப்பந்தங்களைப் படிக்கும் வரிசை இது: முதலில் நிலப்பரப்பு, பிறகு எதிரி, கடைசியில் கூலி. இரண்டு மடங்கு பணம் தருகிற நிலவு வேலையைத் தள்ளிவிட்டுப் பனிக்கிரகத்துக்குப் போகிறார். அவருடைய படைக்கு இந்த மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.