கழற்றிமாட்டியல்: ஓர் அறிமுக ஆய்வு

சர்வருக்கும் ஸ்டோரேஜ் பெட்டிக்கும் நடுவில் நின்று இரண்டையும் பேசவைக்கும் கார்டை ஹெச்பிஏ என்பார்கள். அது பேச மறுக்கும்போது கழற்றி, வாயால் ஊதி, மறுபடி மாட்டும் செயலை ஆராயும் துறையே கழற்றிமாட்டியல். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இதற்கு இருக்கை இல்லை. ஆனால் ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தில் ஸ்டோரேஜ் பெட்டி வாங்குமளவுக்கு வளர்ந்த தோல், காலணி நிறுவனம் எதுவானாலும், அதன் கணக்குப் பிரிவை ஒட்டிய ஏசி அறையில் செய்முறை வகுப்புக்குக் குறைவிராது.

இத்துறையின் மூலநூல் ஒரே வாக்கியம்: “சார், லைட் எரியுது, டிரைவ் வரல.” சுருங்கச் சொன்னதால் உரை தேவைப்படுகிறது. எரிவது எந்த லைட்? சர்வருக்கு மின்சாரம் வருவதைச் சொல்லும் விளக்கு எரிவதால் ஸ்டோரேஜுக்கு ஒரு பயனும் இல்லை. கார்டின் முதுகில் போர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு விளக்கே சாட்சி. அது பச்சையா, மஞ்சளா, சிமிட்டுகிறதா என்பதன் பொருளும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எமுலெக்ஸ் கார்டின் விளக்கைக் கியூலாஜிக் கையேட்டை வைத்துப் படித்தவர்கள் உண்டு. லினக்ஸ் சர்வராக இருந்தால் இந்தச் சோதிடம் தேவையில்லை. எஃப்சி_ஹோஸ்ட் என்ற கோப்புறையில் போர்ட்டின் நிலை ‘ஆன்லைன்’ அல்லது ‘லிங்க்டவுன்’ என்று ஒரே சொல்லில் எழுதியிருக்கும். ‘ஆன்லைன்’ என்றிருந்தால் திருப்புளியை மேசையிலேயே வைத்துவிடலாம். கார்டு நலம்; கோளாறு வேறிடம்.

மேற்படி வாக்கியத்தில் சொல்லாமல் விடப்படும் பகுதி ஒன்று உண்டு: “கரண்ட் போய் வந்ததிலிருந்து.” மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்த மாலையில் எல்லாப் பெட்டிகளையும் ஒரே நேரத்தில் போடுவது வழக்கம். சர்வர் முந்திக்கொண்டு எழுந்துவிடும். ஸ்டோரேஜ் பெட்டியோ தன் வட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு நிதானமாக எழும். எழுந்த சர்வர் தேடும்போது டிரைவ் இல்லை. முதலில் இரண்டின் கேபிள்களையும் இணைக்கும் சுவிட்ச் பெட்டி, பிறகு ஸ்டோரேஜ், கடைசியில் சர்வர் என்பதே முறை. முறை தவறிவிட்டால் சர்வரில் ‘ரீஸ்கேன்’ கொடுத்தாலே பெரும்பாலும் போதும். அந்த நேரத்தில் கார்டைக் கழற்றுவது, வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறார் என்று தெரியாமல் கதவை உடைப்பது மாதிரி.

இனி ஒளிவகைக் கோளாறு. அறைக்குள் ஓடும் ஃபைபர் கேபிளில் வழக்கமாகச் செல்வது 850 நானோமீட்டர் ஒளி; கண்ணுக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காக முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பது தவறு. ஒளி போகும் கண்ணாடி நடுவின் விட்டம் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. அங்கே ஒரு துகள் உட்கார்ந்தால் ஒளி மங்கிவிடும். ஆயுத பூஜைக்கு மறுநாள் இந்த அறைகளுக்குள் நுழைபவர் காணும் காட்சி ஆய்வுக்கு உரியது: சர்வரின் நெற்றியில் சந்தனப் பொட்டு, காற்றுத் துளைகளில் விபூதி, மஞ்சள் பூச்சரத்தின் பாரத்தில் வளைந்து தொங்கும் ஃபைபர் கேபிள். அளவுக்கு மேல் வளைந்த கேபிளிலிருந்து ஒளி வெளியே கசியும். இதில் பக்தியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூவை ரேக்கின் கதவில் சுற்றலாம். முனையைத் துடைக்கச் சட்டை நுனி, வேட்டி நுனி என்று இரண்டு மரபுகள் நிலவுகின்றன. இரண்டும் நூலிழையைச் சேர்க்கும், ஊதினால் எச்சில் சேரும். அதற்கென்று விற்கும் துடைப்பான் இருக்கிறது.

ஒளி மங்குவதை அளந்து காரணம் சொல்லும் முறைக்கு இவ்வட்டாரத்திலேயே மதிப்புமிக்க முன்னோடி உண்டு. ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலையேறினால் வரும் காவலூர் வானாய்வகம், 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் கோளருகே ஒரு விண்மீனின் ஒளி சில நொடி மங்கியதைத் தன் 1 மீட்டர் தொலைநோக்கியில் பதிவு செய்தது. அமெரிக்காவின் பறக்கும் ஆய்வகமும் அதே நிகழ்வைக் கவனித்தது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது இப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. கேபிளைச் செருகும் எஸ்எஃப்பி துண்டும் தனக்கு வந்துசேரும் ஒளியின் அளவைச் சொல்லக்கூடியதே. சுவிட்சில் ஒரு கட்டளை கொடுத்தால் எண் வரும். அதில் வளையங்கள் தென்படா, விபூதி தென்படும்.

வேகப் பொருத்தம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 16 ஜிகாபிட் கார்டு 8க்கும் 4க்கும் இறங்கி வரும், 2க்கு வராது. பழைய சுவிட்சோடு புதுக் கார்டு பேசாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கழற்றி மாட்டினால் சரியாகிறதே என்பது அனுபவசாலிகளின் வாதம். இங்கே ஒரு முறையியல் சிக்கல் உள்ளது. கார்டைக் கழற்ற வேண்டுமானால் பொதுவாகச் சர்வரை அணைக்க வேண்டும்; மாட்டியபின் மறுபடி போட வேண்டும். குணமாக்கியது கழற்றலா, அணைத்துப் போட்டதா? இரு மருந்தை ஒரே வேளையில் கொடுத்தவருக்கு இதற்கு விடை கிடைக்காது. எனவே முதலில் அணைத்து மட்டும் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஆனாலும் தோல் வட்டாரத்தில் கழற்றி மாட்டலை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. தோலிலிருந்து மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அமிலம் பட்டால் அதிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எழும். மூக்குக்கு அழுகிய முட்டை வாடை. வெள்ளிக்கும் செம்புக்கும் அரிப்பு. 2006இல் ஐரோப்பா மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியபின் வெள்ளி பூசிய சர்க்யூட் பலகைகள் பரவின. கந்தகக் காற்றில் அவை எளிதில் பழுதாயின. ஐஎஸ்ஏ 71.04 என்ற தரவரையறைப்படி, மாதத்துக்கு வெள்ளியில் 200 ஆங்ஸ்ட்ராமுக்கும் செம்பில் 300 ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவாகப் படலம் வளர்ந்தால்தான் அது மின்னணுச் சாதனங்களுக்கு உகந்த காற்று. கார்டின் விளிம்பில் இருப்பது தங்கப் பூச்சு என்றாலும், அதன் நுண்துளை வழியே அடியிலுள்ள உலோகம் அரிக்கும். கழற்றி மாட்டும்போது ஏற்படும் உராய்வு அந்தப் படலத்தைச் சுரண்டுகிறது, தொடர்பு திரும்புகிறது. படலமும் திரும்பி வரும். ஏசி அறையின் ஜன்னலைப் பதனிடும் கூடத்தின் பக்கம் திறந்து வைத்திருக்கும்வரை வைத்தியம் நிரந்தரமாகாது.

இரண்டு கார்டு, இரண்டு பாதை உள்ள சர்வரில் ஒன்று செத்தாலும் வேலை நடக்கும். ஆகவே யாரும் கவனிப்பதில்லை. சரிசெய்ய வந்தவர் உயிரோடிருக்கும் கேபிளை உருவியபின்தான் எல்லோரும் கவனிப்பார்கள். கேபிள்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுவதைச் சோம்பலால் தள்ளிப்போடும் வழக்கமே இத்துறையின் பெரும்பகுதி வேலைக்கு ஊற்று.

எல்லாம் பார்த்தும் தேறாவிட்டால் கார்டை மாற்ற வேண்டியதுதான். ஒவ்வொரு கார்டுக்கும் 16 இலக்க அடையாள எண் உண்டு. ஸ்டோரேஜும் சுவிட்சும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் உள்ளே விடும். பழைய கார்டைக் குப்பையில் போடுமுன் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, சுவிட்சிலும் ஸ்டோரேஜிலும் அது எழுதியிருக்கும் இடங்களிலெல்லாம் புது எண்ணை எழுதவும். எழுதாவிட்டால் லைட் எரியும், டிரைவ் வராது.