அப்பா சுற்றிப்போன வழி

1980-களில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறி, முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தில் கட்டுண்டு கிடந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. விஷயம் முன்னதாகக் கசிந்தால் பாவும் சரிகையும் வருவது நின்றுவிடும். கடனை உடனே கட்டச் சொல்வார்கள். அதனால் வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் போகிறவர்போல் சைக்கிளில் சுற்றிப்போய்த்தான் சங்கத்துப் படியேறினார். தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள், "என்னண்ணா, காலங்காத்தால எங்க?" என்று கேட்டார்கள். "கோயிலுக்கு" என்றார். புரிந்துகொண்டவர்களும் வாய் திறக்கவில்லை. அந்த ரகசியம் காக்கப்பட்டதால்தான் எங்கள் குடும்பம் தலைநிமிர்ந்தது.

அப்படி யாருக்கும் தெரியாமல் சுற்றிப்போக இன்று என் தங்கை மகனால் முடியாது. அவன் டாக்ஸி ஓட்டுகிறான். 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பயணிகள் வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம். மோட்டார் வாகன விதி 125எச் அப்படிச் சொல்கிறது. ஆட்டோவுக்கு விலக்கு உண்டு. ராத்திரியில் தனியாக வரும் பெண்ணுக்கு அந்தச் சிவப்புப் பொத்தான் தேவை. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் பொத்தானை அழுத்தாதபோதும் கருவி வண்டியின் இடத்தையும் வேகத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. "சவாரி இல்லாதப்பவும் ஓடுது மாமா" என்கிறான். அவன் போகும் ஆஸ்பத்திரி, சங்கக் கூட்டம், கடன் கேட்கப்போகும் வீடு எல்லாமே அதில் பதிவாகும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஜாமீனில் இருப்பவர் கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தைப் போலீசுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, 2024 ஜூலையில் ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. வழக்கில் சிக்கியவருக்கே இந்தக் காப்பு இருக்கிறது. எந்தக் குற்றச்சாட்டும் இல்லாத டாக்ஸிக்காரரின் நடமாட்டமோ நாள்முழுக்கப் பதிவாகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது.

அப்பாவைப் பார்த்தவர்கள் அவருக்குத் தெரிந்த முகங்கள். கருவியின் மறுமுனையில் பார்ப்பவர் யாரென்று ஓட்டுநருக்குத் தெரியாது.

பொத்தான் இருக்கட்டும். சவாரி இல்லாத நேரத்தில் கண்காணிப்பு நிற்க வேண்டும். பதிவுகளை எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பது விதியிலேயே இருக்க வேண்டும். பழைய பதிவைப் போலீஸ் கேட்டால் நீதிமன்ற உத்தரவோடு வர வேண்டும். வாடகை வண்டி ஓட்டுபவர்களும் அதில் ஏறுபவர்களும் சேர்ந்து கேட்டால்தான் இது நடக்கும்.