வரிசையில் முதல் ஆள் யார்?

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் பாஸ் லினக்ஸ் டிவிடியைப் போட்டேன். மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்தும் விண்டோஸே வந்து நிற்கிறது. டிவிடி கெட்டுவிட்டதா?
- வாசகர், நசரத்பேட்டை

பதில்: டிவிடியைச் சந்தேகிக்கும் முன் வரிசையைப் பாருங்கள். பவர் போட்டதும் முதலில் விழிப்பது பயாஸ் என்ற தொடக்க மென்பொருள். அதன் பட்டியலில் ஹார்ட் டிஸ்க் முதலில் இருந்தால், விண்டோஸ் அங்கேயே கிடைத்துவிடும். பந்தியில் முதல் இலையிலேயே உட்கார்ந்துவிட்டவர் கடைசி இலையைத் தேடிப் போவாரா?

கம்பெனி சின்னம் திரையில் தெரியும் அந்த இரண்டு மூன்று வினாடிக்குள், டெல், லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9. ஒரு தடவை அல்ல, விடாமல் தட்டுங்கள். வரும் பட்டியலில் டிவிடியைத் தேர்ந்தெடுங்கள்.

அப்போதும் வரவில்லையா? விண்டோஸுக்குள் போய் டிவிடியைத் திறந்து பாருங்கள். ஐஎஸ்ஓ என்று ஒரே ஒரு ஃபைல் இருந்தால், இமேஜாக ரைட் செய்யாமல் வெறுமனே காப்பி செய்திருக்கிறீர்கள். நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பாஸ், நம் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்திலும் விண்டோஸுக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது. தமிழிலேயே புழங்கலாம், தைரியமாகப் போடுங்கள். அதற்கு முன், வீட்டுப் படங்களைப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள்.