பேட்டும் பேட்டையும்

ஏல சீசன் வந்துவிட்டால் மும்பை மாட்டுங்காவில் எல்லோரும் தரகர்கள்தான். ஞாயிறு காலை கிங்ஸ் சர்க்கிள் பக்கம், டிபன் கடை வாசலில் பேர் கொடுத்துவிட்டு நிற்கும் பெரியவர்களின் பேச்சைக் கேளுங்கள்.

"பதிமூணு வயசு ஓய். இடது கை. இன்னும் இருபது வருஷம் உழைக்கும்."

"உழைக்கும், உழைக்கும். மார்புக்கு ஒரு பந்து வரட்டும், தெரியும். அந்த இன்னொரு பையனோட மணிக்கட்டைப் பார்த்தீரா?"

சொந்தப் பேத்திக்கு வரன் பார்த்தபோதுகூட இத்தனை அலசல் நடந்திராது. 'உழைக்கும்' என்பது பம்பு செட்டுக்கும் எருமைக்கும் சொல்கிற சொல். 2024 நவம்பரில் ஜெத்தாவில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் அந்தப் பதிமூன்று வயது வைபவ் சூர்யவன்ஷியை ராஜஸ்தான் 1.10 கோடிக்கு எடுத்தது. அதே வயதுப் பையனைத் தாராவித் தோல் பட்டறையில் பெல்ட் ஒட்ட உட்கார வைத்தால் போலீஸ் வரும். ஜெத்தாவில் கைதட்டல் வந்தது.

எங்கள் ஊர்ச் சந்தைக்காரர்களுக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு. எட்டயபுரத்தில் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் மாட்டுத் தரகர் விலையைத் துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தான் பேசுவார். விற்பனைக்கு நிற்கும் மாட்டின் காதில் அந்த விலை விழாது. இங்கே விலையைத் திரையில் போட்டு, பெற்றவர்களின் முகத்தருகே கேமராவையும் கொண்டுபோகிறார்கள்.

இந்தத் தரகர்களின் கண் எவ்வளவு கூர்மை? 2008-ல், முதல் ஐபிஎல்லுக்கு முன், 19 வயதுக்குட்பட்டோரை அணிகள் முறைவைத்துப் பொறுக்கின. உலகக் கோப்பையை வென்று வந்த கேப்டன் டெல்லிப் பையன். டெல்லி அணியோ அவனை விட்டுவிட்டுப் பந்துவீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. விராட் கோலி பெங்களூருக்குப் போனார். அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்துப் பையன்களின் உள்ளங்கையைக்கூட அங்குலக் கணக்கில் அளந்து பொறுக்குகிறார்கள். அத்தனை அளந்தும், பின்னாளில் ஜாம்பவானான டாம் பிராடியை 2000-ல் 199-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். அளவுகோல் அவர்களிடம் இருக்கிறது, கண் இல்லை.

2023 டிசம்பரில் பஞ்சாப் அணி சஷாங்க் சிங் என்பவரை 20 லட்சத்துக்கு எடுத்துவிட்டு மேசையில் தடுமாறியது. சுத்தியல் விழுந்தது விழுந்ததுதான் என்றார் ஏலம் விட்டவர். பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்ததால் வந்த குழப்பம், நாங்கள் நினைத்தது இவரைத்தான் என்று பிறகு அணி விளக்கம் கொடுத்தது. அடுத்த ஏப்ரலில் அகமதாபாத்தில் சஷாங்க் 29 பந்தில் 61 அடித்து, தான் எந்த சஷாங்க் என்பதைத் தானே தெளிவுபடுத்திக்கொண்டார்.

சிரித்தாயிற்றா? இனி எங்கள் பேட்டையான தாராவிக்கு வருவோம்.

2024 டிசம்பர் 15, பெங்களூர். பெண்கள் பிரீமியர் லீக் ஏலத்தில் அன்றைய உச்ச விலை 1.90 கோடி. அந்த விலைக்குப் போனவர் சிம்ரன் ஷேக். தாராவிப் பெண், வயரிங் வேலை செய்பவரின் மகள், சந்தில் பையன்களோடு ஆடிப் பழகியவர். 10 லட்சத்துக்கு எடுத்த உத்தரப் பிரதேச அணி அவரைக் கழற்றிவிட்டிருந்தது. அன்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் அவர் சொந்தக்காரப் பெண். அவர் அடித்த ஒவ்வொரு ரன்னுக்கும் அந்தக் காசு தகும். அதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை.

வாங்கியது குஜராத் ஜயன்ட்ஸ். முதலாளி அதானி குழுமம். 2022 நவம்பரில் 5,069 கோடி கேட்டுத் தாராவி மறுசீரமைப்பை எடுத்ததும் அதே குழுமம். சிம்ரனை எடுத்த ஐந்தாம் நாள் மும்பை உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லும் என்றது. வழக்குப் போட்ட துபாய் கம்பெனி முந்தைய டெண்டரில் 7,200 கோடி கேட்டிருந்தது. அது வேறு டெண்டர், இதில் நிபந்தனைகள் வேறு என்றது அரசு, நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. கூடக் கேட்டவன் வெளியே நிற்க, குறைத்துக் கேட்டவன் எடுத்துப்போகும் இந்த அதிசயத்தை ஐபிஎல்லில்கூட நான் பார்த்ததில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். தாராவி சுமார் 600 ஏக்கர். 5,069 கோடியை வகுத்தால் ஏக்கருக்கு எட்டரைக் கோடிக்குச் சற்றுக் கீழ். 2018 ஏலத்தில் நம் வருண் சக்கரவர்த்தியைப் பஞ்சாப் எடுத்த விலை 8.40 கோடி. ஆக, ஒரு சுழற்பந்துக்காரர், ஒரு ஏக்கர் தாராவி. ஜெத்தாவில் ரிஷப் பந்த் போன 27 கோடிக்கு மூன்று ஏக்கர் வரும், அதன்மேல் நிற்கும் சால்கள், இட்லிக் கடைகள், அம்மன் கோயில் எல்லாம் சேர்த்து. அது நிலத்தின் விலை இல்லை, முதலீடு என்று திருத்துவார்கள். சரி ஐயா, திருத்திக்கொள்கிறேன். நிலத்துக்கு விலையே இல்லை.

எங்களுக்கும் தேர்வுக் குழு உண்டு. 2024 மார்ச்சில் கணக்கெடுக்க வந்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதற்குக் காகிதம் காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி. அதற்குப் பின், 2011-க்கு முன் வந்தவரா, இரண்டரை லட்சம் கட்டிவிட்டு வெளியே போ. மாடியில் இருப்பவரா, வாடகைக்கோ தவணைக்கோ வெளியே போ. தகுதி உள்ளவர், தகுதி அற்றவர். இருபது வருடம் உழைப்பார்களா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. உழைத்து முடித்தாயிற்றே.

எங்கள் சந்தில், ஏணி வைத்து ஏறும் மாடியறையில் ஒரு அக்கா இருக்கிறார். வல்லநாட்டுப் பக்கத்துக்காரர். இட்லி ஊற்றி விற்றே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். கணக்கெடுப்பு அன்று தகரப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் கவருக்குள் கவராகச் சுற்றி வைத்திருந்ததை என் மடியில் கொட்டினார். ரேஷன் கார்டு, தடுப்பூசிச் சீட்டு, மகனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். "தம்பி, இதெல்லாம் போதுமாய்யா? லைட் பில்லு கீழ்வீட்டுக்காரர் பேருல வருதே." நான் என்ன சொல்வது? சஷாங்க் 61 அடித்துத் தன் பெயரை நேராக்கிக்கொண்டார். அக்கா எத்தனை பந்தில் எத்தனை அடித்தால் கீழ்வீட்டுக்காரரின் லைட் பில்லில் அவர் பேர் வரும்?

'வெளியே' என்றால் எங்கே? ஒதுக்கிய இடங்களில் ஒன்று செம்பூருக்குக் கிழக்கே தேவ்நாரில், 124 ஏக்கர். 1927 முதல் மும்பை தன் குப்பையைக் கொட்டிவரும் மேடு. பக்கத்திலேயே பக்ரீத் ஆட்டுச்சந்தை கூடுகிறது. அங்கேயும் பல் பார்த்துத்தான் எடுப்பார்கள். ஆனால் பிடிக்காத ஆட்டை வந்த லாரியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள், குப்பை மேட்டில் இறக்கிவிட மாட்டார்கள்.

போன வாரம் எங்கள் சந்தில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டம்ப் கிடையாது. கணக்கெடுக்க வந்தவர்கள் ஷட்டரில் பெயின்டால் எழுதிவிட்டுப் போன நம்பர்தான் ஸ்டம்ப். பந்து அதில் பட்டு டமார் என்றது. பேட் பிடித்தவன் அசையாமல் நின்றான். கீப்பர் பையன் கத்தினான்:

"வெளிய போல! நம்பர்ல பட்டா அவுட்டு!"